வால்வின் குரலா, பெயரின் குரலா?

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் யாழ்ப் போட்டி நிகழும் காட்சியொன்று வருகிறது. அரங்கில் நிற்கும் சீவகனிடம் யாழ்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டுகிறார்கள். அவன் ஒவ்வொன்றாக விலக்குகிறான். இது நீரில் நின்ற மரத்தால் ஆனது, இது தீயில் வெந்தது, இது இடி விழுந்த மரம் என்று குற்றம் சொல்கிறான். நரம்பிலும் குற்றம் காண்கிறான். ஆனால் அங்கே சொல்வதோடு நின்றுவிடவில்லை. நரம்பின் முறுக்கைப் பிரித்து, உள்ளே சிக்கியிருந்த உரோமத்தை அவையோர் காண எடுத்துக் காட்டுகிறான்.

இக்காட்சியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சீவகனின் நுண்ணறிவை வியப்பார்கள். நமக்கோ வியப்பு வேறிடத்தில். குற்றம் இருக்கிறது என்றோ குணம் இருக்கிறது என்றோ சொல்லிவிட எவராலும் இயலும். முறுக்கைப் பிரித்துக் காட்ட முன்வருபவர் சிலரே. மின்கிடார் வாசிப்போர் நடுவே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கைப் பற்றி எழுத அமர்ந்தபோது இந்தச் சீவகன்தான் முதலில் நினைவுக்கு வந்தான். ஆம்ப்ளிஃபயரின் முற்பகுதியில், அதாவது ப்ரீ-ஆம்பில், எந்த வால்வைப் பொருத்துவது? அது ஒலியை மாற்றுமா, மாற்றாதா? மாற்றும் எனில் எவ்வளவு? இதுவே வழக்கு.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வால்வின் வகை ஒலியை மாற்றும். அதற்குக் கணக்கும் காரணமும் உண்டு. வால்வின் மேல் அச்சிட்ட பெயர் மாற்றுவதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி, காதில் பிறந்ததன்று, சொல்லில் பிறந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் பலர் பணத்தை இழந்திருக்கிறார்கள். நாமும் இழந்தோம். பணத்தைவிடப் பெரிய ஒன்றையும் இழந்தோம். அதைப் பின்னர் சொல்வோம்.

வால்வு என்ற சொல் நம் மக்களுக்குப் புதிதன்று. வீட்டில் வால்வு ரேடியோ இருந்த தலைமுறையினர், குமிழைத் திருகியபின் அது சூடேறிப் பாடத் தொடங்கும்வரை காத்திருந்ததை இன்றும் சொல்வார்கள். காற்று வெளியேற்றப்பட்ட கண்ணாடிக் குடுவைக்குள் சூடேறிய எதிர்மின்வாய் எலக்ட்ரான்களை உமிழ்கிறது. அதைச் சுற்றியுள்ள தகடு அவற்றை ஈர்க்கிறது. 1904இல் ஃபிளெமிங் உருவாக்கிய குழாயில் இவ்விரண்டு மட்டுமே இருந்தன. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இவற்றுக்கிடையே க்ரிட் எனப்படும் மூன்றாவது உறுப்பை வைத்தார். க்ரிட்டில் நிகழும் மிகச்சிறு மின்னழுத்த மாற்றம் தகட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் பெரிதும் மாற்றுகிறது. மதகின் பலகையைச் சற்றே ஏற்றி இறக்கினால் வாய்க்கால் முழுவதும் நீர் கூடிக் குறைவது போன்றது இது. பெருக்குதல் என்பதன் உட்பொருள் இவ்வளவே.

கிடாரின் பிக்-அப் தருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னலை. அதை நேரே ஸ்பீக்கருக்கு அனுப்பினால் ஒன்றும் கேட்காது. முதலில் சிறு வால்வுகள் அதன் மின்னழுத்தத்தை உயர்த்துகின்றன. பின்னர் பெரிய வால்வுகள் ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றலைத் தருகின்றன. அந்தச் சிறு வால்வுகளின் பகுதியே ப்ரீ-ஆம்ப். அங்கே ஆட்சி செலுத்துவது பெரும்பாலும் ஒரே வகை. அமெரிக்கர் அதை 12ஏஎக்ஸ்7 என்கிறார்கள். ஐரோப்பியர் ஈசிசி83 என்கிறார்கள். ஆர்சிஏ நிறுவனம் 1947இல் வெளியிட்ட அவ்வால்வு, ஒரே குடுவைக்குள் இரண்டு மும்முனையங்களைக் கொண்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இப்பெயர்களே சுவையானவை. ஐரோப்பியப் பெயர் நம் பகுபதம் போலப் பிரிந்து பொருள் தருகிறது. 'ஈ' என்றால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட், 'சி' என்றால் ஒரு மும்முனையம், இன்னொரு 'சி' என்றால் மற்றொரு மும்முனையம், 8 என்ற எண் ஒன்பது கால் கொண்ட அடியமைப்பைக் குறிக்கும். அமெரிக்கப் பெயரோ பாதி காரணப்பெயர், பாதி இடுகுறி. 12 என்பது இழையின் மின்னழுத்தம். 7 என்பது உள்ளிருக்கும் உறுப்புகளின் எண்ணிக்கை, அதாவது தகடு இரண்டு, க்ரிட் இரண்டு, எதிர்மின்வாய் இரண்டு, இழை ஒன்று. நடுவே நிற்கும் 'ஏஎக்ஸ்' மட்டும் இடுகுறி. அந்த இடுகுறிப் பகுதி மாறும்போதுதான் ஒலியும் மாறுகிறது என்பது வேடிக்கை.

12ஏஎக்ஸ்7 நின்ற இடத்தில் அதே கால்களோடு வேறு சில வால்வுகளையும் செருகலாம். அவற்றின் பெருக்க எண்கள் வேறு. 12ஏஎக்ஸ்7இன் எண் 100. 5751 என்னும் வால்வுக்கு 70, 12ஏடி7க்கு 60, 12ஏஒய்7க்கு 44ஐ ஒட்டி, 12ஏயு7க்கு 20க்கும் கீழே. இந்த எண் அப்படியே ஒலியாகி விடாது. வால்வின் உள்தடையும் அதனோடு இணைந்த வெளித்தடையும் சேர்ந்தே முடிவு செய்யும். கிடார் ஆம்ப்ளிஃபயர்களில் பரவலாகக் காணப்படும் 1,00,000 ஓம் தடையை வைத்துக் கணக்கிட்டால், 12ஏஎக்ஸ்7 ஏறத்தாழ 60 மடங்கு பெருக்கும். 12ஏஒய்7 35 மடங்கு. 12ஏயு7 15 மடங்கை ஒட்டி. 12ஏடி7 சற்று ஏமாற்றும் வால்வு. உயர் அதிர்வெண் வேலைக்குப் பிறந்த அது, 10 மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டத்தில் இயல்பாக இயங்கும். 12ஏஎக்ஸ்7க்கென அமைத்த இடத்தில் அதற்குக் கிடைப்பதோ 1 மில்லி ஆம்பியரை ஒட்டியதே. குழி ஒன்றாயிருப்பதால் வாழ்வும் ஒன்றாகிவிடாது.

பெருக்கம் குறைந்தால் ஒலியளவு குறையும்; குமிழைச் சற்றுத் திருகினால் சரியாகிவிடுமே, இதில் 'தொனி' எங்கே வந்தது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. விடை, வரலாற்றின் ஒரு பக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபெண்டர் நிறுவனம் 1958 முதல் 1960 வரை தயாரித்த பாஸ்மன் ஆம்ப்ளிஃபயரின் ஒரு வடிவத்துக்கு 5எஃப்6-ஏ என்று பெயர். பாஸ் கிடாருக்கென எண்ணிச் செய்த கருவி அது. அதன் முதற்குழியில் 12ஏஒய்7 இருந்தது. இலண்டனின் மேற்கே ஹான்வெல்லில், டிரம்ஸ் ஆசிரியராக இருந்து இசைக்கருவிக் கடை வைத்தவர் ஜிம் மார்ஷல். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்கள் கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் விலையேறி விற்ற காலம் அது. கடையில் பழுது பார்த்த கென் பிரானும், இளைஞர் டட்லி கிரேவனும் அந்தப் பாஸ்மனை முன்மாதிரியாகக் கொண்டு 1962இல் உருவாக்கியதே ஜேடிஎம்45. சுற்றின் அமைப்பு ஏறத்தாழ அதுவே. ஆனால் முதற்குழியில் 12ஏஒய்7க்கு மாற்றாக ஈசிசி83 வந்து அமர்ந்தது.

35 மடங்கு பெருக்கிய இடத்தில் 60 மடங்கு. டெசிபலில் சொன்னால் 5க்குச் சற்றுக் குறைவு. கேட்பதற்குச் சிறு எண். ஆனால் முதல் வால்வு பெருக்கியதை அடுத்த வால்வு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த அடுத்த வால்வின் க்ரிட் தாங்கும் அளவு ஓரிரு வோல்ட்டுகளே. அதற்குமேல் வந்தால் அலையின் உச்சி மழுங்கும். மறுபுறம் மின்னோட்டமே நின்று அடி வெட்டுப்படும். மழுங்கிய அலையில் மூல அலையில் இல்லாத சீரிசைகள் பிறக்கின்றன. இரண்டாம் சீரிசை, வாசித்த சுரத்தின் மேல்நிலை. மூன்றாம் சீரிசை, அதற்கும் மேலே நிற்கும் பஞ்சமம். நம் பழந்தமிழ்ப் பெயர்களில் சொன்னால், குரல் ஒன்றை மீட்ட, மேற்குரலும் அதன் இளியும் கூடவே ஒலிக்கின்றன. ஒரே நரம்பில் ஒரு சிறு கூட்டமே பாடுகிறது. ராக் இசையின் கிடார் ஒலி என்று உலகம் அறிந்திருப்பது இந்தக் கூட்டுக் குரலையே.

ஆகவே பெருக்கம் கூடினால் ஒலியளவு கூடுவதோடு முடியவில்லை. எவ்வளவு மென்மையாக மீட்டும்போது ஒலி தூய்மையாக இருக்கும், எந்த அழுத்தத்தில் உடையத் தொடங்கும் என்ற எல்லைக்கோடு இடம்பெயர்கிறது. வாசிப்பவரின் விரலுக்குத் தெரியும் எல்லை அது. 1966இல் ஜான் மேயாலின் இசைக்குழுவோடு எரிக் கிளாப்டன் பதிவு செய்த 'புளூஸ் பிரேக்கர்ஸ்' இசைத்தட்டில் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் உடைந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு அந்த எல்லைக்கோட்டின் அருமை விளங்கும்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஜேடிஎம்45இன் ஒலி, பாஸ்மனின் ஒலியிலிருந்து வேறுபட்டதற்கு அந்த ஒரு வால்வு மட்டுமே காரணம் என்று சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். மின்மாற்றி வேறு, ஸ்பீக்கர் வேறு, ஜென்சன் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு இருந்த திறந்த பெட்டிக்கு மாறாக, செலஸ்டியன் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்ட மூடிய பெட்டி, ஒலியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் பின்னூட்டத்தின் அளவும் வேறு. வால்வு இவற்றுள் ஒன்று. ஆனால் இன்றும் சோதித்துப் பார்க்கத்தக்க ஒன்று. ஜேடிஎம்45 வழிவந்த எந்த ஆம்ப்ளிஃபயரிலும் முதற்குழியில் 12ஏஒய்7ஐச் செருகிக் கேட்டால், உடைவு தள்ளிப்போவதைக் காது உணரும். இதைத்தான் முறுக்கைப் பிரித்து உரோமத்தைக் காட்டுதல் என்கிறோம்.

குழியின் இடமும் பொருட்படுத்தத் தக்கது. முதல் வால்வு எழுப்பும் இரைச்சலை அதற்குப் பின்னுள்ள எல்லா வால்வுகளும் பெருக்கும். ஆகவே அமைதியான வால்வு முதலிடத்துக்கு உரியது. கண்ணாடியைச் சுண்டினால் ஸ்பீக்கரில் மணியோசை கேட்கும் வால்வு அங்கே ஆகாது. பிரிட்டனின் வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்களில் ஏசி15 வடிவம் இஎஃப்86 என்னும் ஐம்முனைய வால்வால் புகழ்பெற்றது. அதையே ஆற்றல் கூடிய ஏசி30இல் வைத்தபோது, ஸ்பீக்கரின் அதிர்வு தாங்காமல் அது ஊளையிடத் தொடங்கியது. பின்னர் அவ்விடத்துக்கு ஈசிசி83 வந்தது. தொனியின் பெயரால் நாம் இன்று போற்றும் தேர்வுகள் சில, உண்மையில் பழுதின் பெயரால் எடுக்கப்பட்டவை.

இதுவரை சொன்னது வகையைப் பற்றி. இனிப் பெயருக்கு வருவோம்.

ஒரே 12ஏஎக்ஸ்7தான், ஆனால் அறுபதுகளில் ஐரோப்பாவில் செய்தது ஒரு விலை, இன்று செய்வது ஒரு விலை. பழையதன் விலை புதியதைப் போலப் பல மடங்கு. அதற்குத் தரப்படும் காரணம் ஒலியின் 'இதம்'. இப்பெயர்களை நம்பும் முன் சில உண்மைகளை அறிந்திருக்க வேண்டும். வால்வுகள் மலிந்திருந்த அக்காலத்திலேயே ஓர் ஆலை செய்ததை இன்னொரு நிறுவனம் வாங்கித் தன் பெயரை அச்சிட்டு விற்பது வழக்கமாயிருந்தது. இன்றோ டங்-சோல், முல்லார்டு ஆகிய பழம்பெயர்களைத் தாங்கி வரும் புதிய வால்வுகள் ரஷ்யாவின் சாரதோவ் நகர ஆலையில் செய்யப்படுபவை. அப்பெயர்களின் உரிமையை ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கி வைத்திருக்கிறது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்ததனால் பாட்டனின் குரல் பேரனுக்கு வந்துவிட்டது என்று நாமாக எண்ணிக்கொள்வது நம் பிழை.

நாம் செய்த பிழை அதனினும் பெரிது. நம்மிடம் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அமெரிக்க முறையில் அமைந்த இருதடக் கருவி. முதல் தடம் எளியது. இரண்டாம் தடத்தில்தான் ரிவெர்ப் முதலியன உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாதச் சம்பளத்தின் கணிசமான பங்கைக் கொடுத்துப் பழைய ஐரோப்பிய வால்வு ஒன்றை வாங்கினோம். முதற்குழியில் பொருத்தினோம். அன்று மாலை வாசித்தபோது ஒலி மாறிவிட்டதாக உறுதியாகக் கேட்டது. மார்கழி வெயில் போல இருக்கிறது என்று சொன்னோம். கல்லூரியில் மாலை நேரத்தில் கூடி வாசிக்கும் மாணவர்களிடமும் சொன்னோம். சொல்லச் சொல்ல உவமைகள் பெருகின. ஏறத்தாழ ஏழு மாதம் இப்படிச் சென்றது.

ஒருநாள் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தை நோக்கிக்கொண்டே கேட்டார்.

"ஐயா, அந்தப் பழைய வால்வு எந்தக் குழியில் இருக்கிறது?"

"முதற்குழியில்."

"நீங்கள் எந்தத் தடத்தில் வாசிக்கிறீர்கள், ஐயா?"

"இரண்டாம் தடத்தில். ரிவெர்ப் அங்கேதானே இருக்கிறது."

அவர் சற்றுத் தயங்கினார். "இந்த அமைப்பில் முதல் வால்வு முதல் தடத்துக்கு மட்டும்தான், ஐயா. நீங்கள் வாசித்தது அதற்குள் போகவே இல்லையே."

அவர் சொன்னது சரி. ஏழு மாதமாக நாம் புகழ்ந்த வால்வு, நம் கிடாரின் ஒலியில் ஒரு துளியையும் தொட்டதில்லை. சூடேறி, செந்நிறமாய் ஒளிர்ந்துகொண்டு, வெறுமனே அமர்ந்திருந்தது. இது நகைப்புக்குரிய நிகழ்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மாலைக் கூட்டத்தில் இருந்த இன்னொரு மாணவர், நம் சொற்களை நம்பி, டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் அதே போன்ற வால்வு ஒன்றை வாங்கியிருந்தார். செய்தி கேட்டு அவர் சிரித்துவிட்டார். நம்மால் சிரிக்க இயலவில்லை. மொழியைக் கற்பிப்பவனின் சொல் பொய்த்தது. பொய் என்று அறியாமலே பொய்த்தது. பணத்தைவிடப் பெரிதாய் இழந்தது இதைத்தான்.

அதன்பின் முறுக்கைப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அம்மாணவரே வழி சொன்னார். கை ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் மீட்டாது என்பதால், ஒரு சிறு கிடார் வரியை முன்னரே பதிவு செய்து அதையே ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயருக்குள் செலுத்தினோம். ஒலியளவைச் சமமாக்கினோம், சற்றே உரத்துக் கேட்பது எப்போதும் சற்றே நல்லதாகவும் கேட்கும் என்பதால் இது இன்றியமையாதது. வெளிவந்த ஒலியைப் பதிவு செய்து, எது எந்த வால்வு என்று அறியாதபடி வரிசை மாற்றிக் கேட்டோம். இம்முறை வால்வைச் சரியான குழியில்தான் பொருத்தினோம். (இதைச் செய்ய விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, மின்செருகியைக் கழற்றி, வால்வு ஆறியபின் அதை மட்டும் மாற்றுங்கள். அடிப்பெட்டியைத் திறவாதீர்கள், 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் அணைத்தபின்னும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கக்கூடும்.)

கண்டது இதுதான். ஒலியை உடைத்து வாசித்த வரியில் 12ஏயு7ஐ எல்லோரும் ஒவ்வொரு முறையும் கண்டுகொண்டோம். 12ஏஒய்7ஐப் பெரும்பாலும் கண்டுகொண்டோம். 5751க்கும் 12ஏஎக்ஸ்7க்கும் இடையே தடுமாறினோம். மென்மையாக, உடையாமல் வாசித்த வரியில், ஒலியளவைச் சமமாக்கிய பின், வகைகளுக்கு இடையிலேயே வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிட்டது. அடுத்து மூன்று 12ஏஎக்ஸ்7கள். ஒன்று நாம் வாங்கிய பழைய ஐரோப்பிய வால்வு. ஒன்று ஸ்லோவாக்கியாவில் இன்று செய்யப்படுவது. மற்றொன்று, ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தது, எழுத்துகள் பாதி அழிந்த நிலையில் நண்பர் ஒருவர் தந்தது. இம்மூன்றில் எது எது என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஒன்றைத் தவிர. ஐரோப்பிய வால்வில் மெல்லிய சீறல் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுதான் அதை அடையாளம் கண்டோம். மார்கழி வெயிலுக்கு உரிய இடத்தில் அந்தச் சீறல்தான் எஞ்சியிருந்தது.

இது ஓர் அறையில், சிலர் கூடிச் செய்த சோதனை. உலகுக்கெல்லாம் தீர்ப்பு வழங்க இதற்குத் தகுதியில்லை. ஒரே பெட்டியில் வந்த இரு வால்வுகளுக்கு இடையிலும், ஏன், ஒரே வால்வின் இரு பாதிகளுக்கு இடையிலும்கூடச் சிறு வேறுபாடு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆலைக்கு ஆலை தகட்டின் நீளமும் உறுப்புகளின் பிடிமானமும் மாறும். அதனால் இரைச்சலும் அதிர்வுக்கு ஆட்படும் தன்மையும் மாறும். எல்லா வால்வும் ஒன்றே என்று அடித்துச் சொல்வோரும் முறுக்கைப் பிரிக்காதவரே. நாம் கேட்பதெல்லாம், எவ்வளவு வேறுபாடு இருக்கிறதோ அவ்வளவே சொல்லுங்கள் என்பதுதான்.

இங்கே தொல்காப்பியர் துணைக்கு வருகிறார். உவமையின் தோற்றத்தை வினை, பயன், மெய், உரு என்று நான்காக அவர் வகுத்தார். ஒப்புமை இந்நான்கில் ஒன்றிலேனும் ஊன்றி நிற்க வேண்டும். 'பட்டுப் போன்ற ஒலி', 'பாலாடை போன்ற ஒலி', 'கண்ணாடி போன்ற ஒலி' என்று வால்வுகளுக்குச் சொல்லப்படும் உவமைகளை அவர்முன் நிறுத்திப் பாருங்கள். ஒலிக்கு மெய்யும் உருவும் இல்லை. எஞ்சியவை வினையும் பயனும். ஆகவே, 'பட்டு' என்பவரிடம் அது என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். உயர் சுரங்கள் தணிகின்றனவா? உடைவு படிப்படியாக வருகிறதா, சட்டென வருகிறதா? மீட்டியபின் ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது? விடை கிடைத்தால் அது நல்ல உவமை. உள்ளதைச் சுருக்கிச் சொன்ன உவமை. விடை இல்லையேல் அது விலைச்சீட்டில் எழுதிய அணி. நம் 'மார்கழி வெயில்' இரண்டாம் வகை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலிமையான மறுப்புத்தான். கலைஞனுக்கு நம்பிக்கை வேண்டும். பழைய வால்வு இருக்கிறது என்ற எண்ணம் அவனை நன்றாக வாசிக்க வைக்குமானால் அதில் என்ன குற்றம் என்பார்கள். குற்றமில்லை. அந்த ஏழு மாதமும் நாம் நன்றாகவே வாசித்தோம் என்று இன்றும் நம்புகிறோம். கருவியைத் தொட்டு வணங்கிவிட்டு வாசிக்க அமர்பவரை யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் வணக்கம் வேறு, சாட்சியம் வேறு. தன் உள்ளத்துக்குள் வைத்திருக்கும்வரை அது நம்பிக்கை. அதை இன்னொருவரிடம் 'கேட்டுப் பார்த்தேன், இப்படி இருக்கிறது' என்று சொல்லும்போது அது சாட்சியம் ஆகிறது. சாட்சியத்துக்கு முறுக்கைப் பிரிக்கும் கடமை உண்டு.

இக்கடமை முன்னெப்போதையும்விட இன்று கூடியிருக்கிறது. உலகில் ப்ரீ-ஆம்ப் வால்வுகளைப் பெருமளவில் செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று அடங்கிவிடும். 2022 மார்ச்சில் ரஷ்யா பல பொருள்களின் ஏற்றுமதியைத் தடுத்தபோது, வால்வு இனி வருமா வராதா என்ற கலக்கம் எழுந்தது. பின்னர் வரத்து மீண்டது; ஆனால் விலை ஏறியது. பழைய வால்வுகளின் இருப்போ நாளுக்கு நாள் குறைவதேயன்றிக் கூடுவதில்லை. பொருள் அருகும்போது பெயருக்கு விலை ஏறும். பெயருக்கு விலை ஏறும்போது உவமைகளும் கொழிக்கும். அந்த விலையைக் கொடுப்போருள் டியூஷன் எடுத்துப் பணம் சேர்க்கும் மாணவரும் இருக்கிறார்.

அவர் போன்றோர்க்கு நாம் சொல்லத்தக்கது சிலவே. ஒலியில் பெரிய மாற்றம் வேண்டுமெனில் முதலில் ஸ்பீக்கரை எண்ணுங்கள். உடைவின் எல்லைக்கோடு நகர வேண்டுமெனில் வால்வின் வகையை மாற்றுங்கள். ஒரு 12ஏஒய்7ஓ 5751ஓ உங்கள் விரலோடு புதிதாகப் பேசக்கூடும். இரைச்சல் தொல்லை எனில் முதற்குழியில் இரைச்சலற்ற வால்வைத் தேர்ந்து வையுங்கள். எந்தப் பெயராயினும் ஆகட்டும். இவற்றுக்கெல்லாம் பின்னர் கையில் பணமும் மனத்தில் ஆசையும் எஞ்சியிருந்தால் பழம்பெயரை நாடுங்கள். அதிலும் ஓர் இன்பம் உண்டு. ஆனால் வாங்குமுன் எந்தத் தடத்தில் வாசிக்கிறீர்கள் என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐரோப்பிய வால்வை நாம் விற்கவில்லை. அதே முதற்குழியில், ஒலி செல்லாத இடத்தில், அது இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு பாடலுக்கோ ஒரு நூலுக்கோ வகுப்பில் அடைமொழி சூட்ட வாய் திறக்கும்போதெல்லாம் அதன் நினைவு வருகிறது. நாம் புகழும் இச்சொல் இந்நூலுக்குள் சென்று வந்ததா, அல்லது வேறு தடத்தில் நின்று வெறுமனே ஒளிர்கிறதா என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்கிறோம். கொடுத்த விலைக்கு அவ்வால்வு செய்த ஒரே வேலை அதுதான், அது போதும்.